பல் சொல்லும் அடையாளம்



2025 ஜூன் 12. அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய விமானம் ஒரு நிமிடத்திற்குள் கீழே விழுந்தது. மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்து தீப்பிடித்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் ஒருவர் மட்டுமே பிழைத்தார்.

பல உடல்கள் கருகிவிட்டன. முகம் தெரியவில்லை. உறவினர்கள் மருத்துவமனையில் காத்திருந்தார்கள். உடலை ஏன் உடனே தரவில்லை? ஆள் மாறிப் போகக்கூடாது. ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வேறொரு வீட்டார் கொள்ளி வைத்துவிடக்கூடாது. அதனால் டி.என்.ஏ. சோதனை நடந்தது.

டி.என்.ஏ. என்றால் என்ன? நம் உடலின் உயிரணுக்களில் உள்ள மிக மெல்லிய இழை அது. பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. ஒரே கருவில் உருவான இரட்டையரைத் தவிர, ஒருவருடையதைப் போல் இன்னொருவருக்கு இருக்காது. அது நம்மைப் பற்றி எழுதிய நீளமான கடிதம் போன்றது.

கடிதம் நெருப்பில் பட்டால் கருகும். ஈர மண்ணில் கிடந்தால் மக்கும். டி.என்.ஏ.வும் அப்படித்தான். அதிக வெப்பம் அதைத் துண்டு துண்டாக்கும். நாள் செல்லச் செல்ல ஈரமும் கிருமிகளும் அதை அரிக்கும்.

சதையில் உள்ளது சீக்கிரம் கெடும். பல்லிலும் கெட்டியான எலும்பிலும் உள்ளது அதிக காலம் நிற்கும். வீடு எரிந்தாலும் இரும்புப் பெட்டிக்குள் இருந்த பத்திரம் தப்புவது உண்டு அல்லவா? அதுபோலத்தான். ஆனால் எலும்பே வெந்து வெள்ளைச் சாம்பலானால் டி.என்.ஏ. கிடைப்பது அரிது.

காலத்தைத் தாண்டி நின்றதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். பஞ்சாபில் அஜ்னாலா என்று ஓர் ஊர். அங்கே ஒரு பழைய கிணற்றிலிருந்து 2014இல் ஏராளமான எலும்புகளும் பற்களும் எடுக்கப்பட்டன. 1857இல் கொல்லப்பட்ட இந்தியச் சிப்பாய்களுடையவை அவை. 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பற்களில் டி.என்.ஏ. கிடைத்தது. அவர்கள் கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவர்கள் என்று 2022இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ஆனால் யார் யார் என்று பெயர் சொல்ல முடியவில்லை. பெயர் சொல்ல வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்க உறவினரின் ரத்தம் வேண்டும்.

அகமதாபாத்தில் உறவினர்கள் ரத்தம் கொடுத்தார்கள். இரண்டு வாரத்திற்குச் சற்று மேலான காலத்தில் இறந்தவர்கள் அனைவரும் அடையாளம் காணப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட துயர நேரத்தில் பெற்றோரோ பிள்ளைகளோ தயங்காமல் ரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு பொறுத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு வீண் அல்ல. நம்மவரை நாமே வழியனுப்பி வைக்க அது உதவும்.