அந்த டிரங்குப் பெட்டி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பழைய துணியில என்னய்யா இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. 1970-ல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் கிடங்கிலிருந்த சினிமா உடுப்புகள் ஏலத்துக்கு வந்தன. நடிகை டெபி ரெனால்ட்ஸ் கைக்காசைப் போட்டு ஏராளமாக வாங்கினார். மற்ற ஸ்டுடியோ உடுப்புகளையும் சேர்த்தார். பல உடுப்புகளின் உட்புறம் நடிகர் பெயரெழுதிய சீட்டு தைத்திருக்கும். அதைப் பார்த்து, படத்தோடும் ஒப்பிட்டால் அசலா என்று தெரிந்துவிடும்.

எல்லாம் ஒரே மியூசியத்தில் இருக்கணும் என்பது அவர் ஆசை. நாற்பது வருஷம் முயன்றும் நிரந்தர இடம் அமையவில்லை. 2011-ல் அவரே ஏலம் விட்டார். 1955-ல் வந்த 'தி செவன் இயர் இட்ச்' படத்தில் மர்லின் மன்றோ அணிந்த வெள்ளை கவுன் பழுப்பேறியிருந்தும் 46 லட்சம் டாலருக்குப் போனது! பணம் வந்தது, சேகரம் சிதறியது.

நம்ம கதைக்கு வருவோம். நாடக மன்றத்து ராஜா உடுப்பும் ஜரிகைத் தலைப்பாகையும் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. நான் செயலாளராக இருந்த வருஷம், 'குப்பை' என்று பழைய துணிக்காரரிடம் போட்டேன். அந்தத் தப்பு என்னுடையதுதான்.

மாணவர்களே, இந்த வருஷ நாடக உடுப்பில் ஒன்றையாவது துவைத்த வெள்ளைத் துணியில் சுற்றி, யார், எந்த நாடகம், எந்த வருஷம் என்று சீட்டெழுதி நூலகத்தில் வையுங்கள். பீரோ என் செலவு!