பலசாலி சொல்வதுதான் நியாயமா?

(குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைக் கருத்தாளர் என்று அறிமுகம் செய்தார்கள். நான் அரசியல் அறிவியலில் பட்டம் பெற்றவள் அல்ல. உங்களைப் போலவே பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியை. ஒரு மாணவனுக்கு அவசரத்தில் தவறான பதில் சொல்லிவிட்டேன். அதைத் திருத்திக்கொள்ளத் தேடிப் படித்ததைத்தான் இன்று பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதல் உலகப் போர் பாடம் நடந்துகொண்டிருந்தது. கூட்டணிகள், படைப்பெருக்கம், காலனிப் போட்டி என்று காரணங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன், "டீச்சர், அப்ப எந்த நாட்டுக்குப் பலம் இருக்கோ அது சொல்றதுதான் நியாயமா?" என்றான். மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது, பாடம் முடியவில்லை. "வரலாறு அப்படித்தான்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, சத்துணவு வரிசையில் ஏழாம் வகுப்புப் பையனைத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றான் அவன். கண்டித்தேன். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, பலம் இருக்கறவன் வெச்சதுதான் சட்டம்னு" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிண்டலாகச் சொன்னானா, நம்பித்தான் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பன்னாட்டு உறவுகளைப் பற்றிப் பேசுபவர்களிடம் இரண்டு பெரிய பார்வைகள் உண்டு. ஒன்று யதார்த்தவாதம். ஊரில் சண்டை வந்தால் காவல் நிலையம் இருக்கிறது. நாடுகளுக்கு மேலே அப்படி ஒரு காவல் நிலையம் கிடையாது. எனவே ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது இதன் அடிப்படை. தற்காப்புக்காக ஒரு நாடு செய்வதே பக்கத்து நாட்டுக்கு அச்சமாகிவிடும். 1898இல் ஜெர்மனி கடற்படைச் சட்டம் இயற்றிப் போர்க்கப்பல்களைப் பெருக்கத் தொடங்கியது. 1906இல் பிரிட்டன் டிரெட்நாட் என்ற பெருங்கப்பலைக் கடலில் இறக்கியது. உடனே ஜெர்மனியும் அதே வகைக் கப்பல்களைக் கட்டியது. கப்பல் கூடக் கூட இரு நாட்டிலும் பயம்தான் கூடியது. நம் பாடநூலில் 'படைப்பெருக்கம்' என்று ஒற்றைச் சொல்லாக நிற்பதன் உள்ளே இருப்பது இந்தப் பயம்.

படித்தபோது என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. நான் அந்த மாணவனுக்குச் சொன்னது யதார்த்தவாதம்கூட இல்லை! பலமுள்ளவன் செய்வது நியாயம் என்று அவர்கள் சொல்லவில்லை. மேலே நடுவர் இல்லாத இடத்தில் நாடுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்றுதான் சொல்கிறார்கள். 1948இல் இக்கோட்பாட்டின் முக்கிய நூலை எழுதிய ஹான்ஸ் மார்கெந்தாவ், நாஜிகளின் ஐரோப்பாவை விட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேறியவர். பின்னாளில் அதே அமெரிக்கா வியட்நாமில் நடத்திய போரை வெளிப்படையாக எதிர்த்தார். பலத்தை அறிந்தவன் அதன் எல்லையையும் அறிய வேண்டும் என்பது அவர் கட்சி.

இரண்டாவது தாராளவாதம். இந்தப் பெயர் வகுப்பில் ஒரு தொல்லை. 'தாராளமாகக் கொடுப்பதா டீச்சர்?' என்று கேட்பார்கள். இல்லை. தத்துவ அறிஞர் கான்ட் 1795இல் எழுதியதிலிருந்து வரும் மரபு இது. மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசுகள் எளிதில் போருக்குப் போகமாட்டா. வணிகம் நாடுகளைப் பிணைக்கும். பொது அமைப்புகளும் விதிகளும் அச்சத்தைக் குறைக்கும். சுருக்கமாக இவ்வளவுதான்.

இரண்டையும் வரையறையாகச் சொன்னால் மாணவர் முகத்தில் எதுவும் தெரியாது. நான் வரைபடத்தை விரித்து ஸ்ட்ராஸ்பர்க் நகரைக் காட்டுகிறேன். ரைன் ஆற்றங்கரையில், பிரான்சின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. 1870இல் அங்கே ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். பிறக்கும்போது பிரெஞ்சுக் குழந்தை. 1871இல் அல்சேஸ்–லொரேன் ஜெர்மனிக்குப் போகிறது, குழந்தை ஜெர்மானியக் குழந்தை. 1918இல் பிரெஞ்சுப் படை வருகிறது, 1940இல் ஜெர்மானியப் படை, 1944இல் மறுபடியும் பிரெஞ்சுப் படை. வீட்டைவிட்டு நகராமலே ஒரு மனிதர் எழுபத்து நான்கு வயதுக்குள் நான்கு முறை நாடு மாறியிருப்பார். "ரேஷன் கார்டு எத்தனை தடவை மாத்தியிருப்பாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி.

இதுவரை யதார்த்தவாதம் சொல்வதே சரியாகத் தெரியும். பிறகு 1950 மே 9 வருகிறது. பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு திட்டத்தை அறிவிக்கிறார். இவரே லொரேன் குடும்பத்தவர். 1919 வரை ஜெர்மானியக் குடிமகனாக இருந்து பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர். பீரங்கி செய்ய நிலக்கரியும் எஃகும் வேண்டும். அவ்விரண்டையும் இரு நாடுகளும் ஒரு பொது ஆணையத்தின் கீழ் வைத்துவிட்டால், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் போருக்குத் தயாராக முடியாது என்பதே திட்டம். 1951 ஏப்ரலில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேர் இதுதான். இன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் இருக்கை ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ளது. 2017 முதல் அங்கிருந்து ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்கு டிராம் ஓடுகிறது.

அப்படியானால் தாராளவாதம் வென்றுவிட்டதா? அவ்வளவு எளிதல்ல. யதார்த்தவாதி உடனே கேட்பார்: 1950இல் ஜெர்மனி தோற்று, இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எதிரே சோவியத் ஒன்றியம். 1949இல் நேட்டோ வந்துவிட்டது, அமெரிக்கப் படை அங்கேயே நின்றது. அந்தக் குடை இல்லாவிட்டால் பிரான்ஸ் கை நீட்டியிருக்குமா? நியாயமான கேள்வி. வணிகம் மட்டும் போரைத் தடுக்கும் என்பதையும் நான் நம்பவில்லை. 1914இல் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள். 2011 முதல் கடலடிக் குழாய் வழியே ரஷ்ய எரிவாயு நேராக ஜெர்மனிக்குப் போனது. 2022இல் உக்ரைன் மீது படையெடுப்பதை அது தடுக்கவில்லை.

நிலக்கரி–எஃகு ஏற்பாட்டில் இருந்த வேறுபாடு எனக்கு இங்கேதான் புரிந்தது. அது வெறும் கொடுக்கல் வாங்கல் அல்ல. தங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தில் ஒரு பகுதியை ஆறு நாடுகளும் பொது ஆணையத்திடம் கொடுத்தன. அச்சம் உண்மை என்பதில் யதார்த்தவாதியின் பக்கம் நிற்கிறேன். அந்த அச்சம் எப்போதும் ஒரே அளவில் இருந்தே தீரும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதை வகுப்பில் ஒரு விளையாட்டாகச் செய்தேன். வகுப்பு இரண்டு நாடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை அட்டை, ஒரு சிவப்பு அட்டை. இரு பக்கமும் பச்சை காட்டினால் இருவருக்கும் மூன்று மதிப்பெண். இருவரும் சிவப்பென்றால் ஆளுக்கு ஒன்று. ஒருவர் பச்சை, மற்றவர் சிவப்பு என்றால் சிவப்புக்கு ஐந்து, பச்சைக்குச் சுழி. 'ஒரே ஆட்டம்' என்றதும் இரு பக்கமும் சிவப்பு. 'பத்து ஆட்டம், நடுவில் ஒரு தூதர் போய்ப் பேசலாம்' என்றதும் மூன்றாம் ஆட்டத்திலிருந்து பச்சை வரத் தொடங்கியது. பத்தாவது ஆட்டத்தில் சன்னலோர நாடு ஏமாற்றிச் சிவப்பு காட்டியது, ஒரே கூச்சல். சத்துணவு வரிசையில் தள்ளிய அந்த மாணவன் ஏமாந்த நாட்டின் தூதர். "டீச்சர், கடைசி ஆட்டம் எதுன்னு சொல்லாம இருந்திருக்கணும்" என்றான். கோட்பாட்டாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். அவனிடம், "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா" என்றேன். "எது டீச்சர்?" என்றான். மறந்தே போயிருந்தான், அல்லது மறந்ததுபோல் இருந்தான்.

சரி, பேசியது போதும். உங்கள் மேசைகளில் அட்டைகள் வைத்திருக்கிறேன். கதவுப் பக்கம் அமர்ந்திருப்பவர்கள் ஒரு நாடு, சன்னல் பக்கம் இன்னொரு நாடு. எத்தனை ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். முதல் அட்டையை எடுங்கள்.