தள்ளிவிட ஆள் வேண்டும்

ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்து இறங்கினால், செருப்பு இறுக்கிப் பிடிக்கும். பாதம் லேசாக வீங்கியிருக்கும். ஏன்?

ரத்தக் குழாயிலிருந்து கசிகிற நீரில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிணநீர்க் குழாய்கள். ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒரு பம்ப் கிடையாது. குழாய் தானாகச் சுருங்கும். அது மட்டும் போதாது. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதை அழுத்தும், பற்பசையைப் பிதுக்குகிற மாதிரி. ஆழமாக மூச்சு விட்டாலும் நிணநீர் நகரும்.

அசையாமல் உட்கார்ந்தே இருந்தால் அந்த அழுத்தம் இல்லாமல் நீர் பாதத்தில் தேங்கும். அதனால் நடங்கள். நடக்க முடியாத இடத்தில், உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். நிணநீரைச் சுத்தம் செய்வதாக விற்கிற பானங்களுக்கு வீணாகக் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, வீக்கம் வடியாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அது பஸ் பயணத்தால் வருகிற சாதாரண வீக்கமாக இல்லாமல் இருக்கலாம்.