தோல் நோயாளியை எப்போது அனுப்புவது?
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய மாணவர் கூட்டம் என்றால் விடுதிக் கதை பேசத்தான் எல்லோருக்கும் ஆசை. அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் ஒரே ஒரு விஷயம் பேசுகிறேன். தோல் மருத்துவ நிபுணரின் கருத்து கிடைத்த பிறகு, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் என்ன முடிவெடுக்க வேண்டும்? நோயாளியைத் தானே வைத்துப் பார்ப்பதா, மேலே அனுப்புவதா?

இது பெரிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். பெரம்பலூர், அரியலூர் பக்கம் வேலை பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் திரும்பவும் தனியானது. மாவட்டம் பிரிந்தாலும் நோயாளியின் பாதை வெகுகாலம் மாறவில்லை. "பெரிய ஆஸ்பத்திரி" என்றால் திருச்சி, இல்லாவிட்டால் தஞ்சாவூர். 2022 ஜனவரியில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகுதான் செந்துறை, ஜெயங்கொண்டம் மக்களுக்குப் பாதை குறுகியது.

குறுகினாலும் ஒரு நாள் ஒரு நாள்தான். வேப்பந்தட்டைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா புறப்பட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும். அன்றைய கூலி போச்சு. கூட வருகிறவரின் கூலியும் போச்சு. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிடுங்கம்மா" என்று நாம் சொல்கிறோம். "சரிங்க சார்" என்று அவரும் தலையாட்டுகிறார். அந்த "சரிங்க" என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் போகாமலே நின்றுவிடுகிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை.

இப்போது நிபுணரின் கருத்து கிடைப்பது சுலபமாகிவிட்டது. முகாமுக்கு நிபுணர் வருகிறார். போனில் படம் எடுத்து அனுப்பினால் பதில் வருகிறது. 2019-இல் தொடங்கிய இ-சஞ்சீவனி இருக்கிறது. 2020 மார்ச்சில் மத்திய அரசு தொலை மருத்துவத்துக்கு வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. நோயாளியை நேரில் பார்த்தே ஆக வேண்டுமா என்று முடிவு செய்யும் பொறுப்பு டாக்டருடையது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆகவே கருத்து கிடைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், யாரை அனுப்ப வேண்டியதில்லை?

சிரங்கு. குடும்பம் முழுவதும் ஒரே நாளில் மருந்து தடவி, துணி, போர்வையைத் துவைத்துக் காயப்போட்டால் தீரும். ஒருவரை மட்டும் திருச்சிக்கு அனுப்பி மருந்து வாங்கி வரச் சொன்னால், வீட்டிலிருக்கும் மற்ற நாலு பேரிடமிருந்து அடுத்த மாதம் அவருக்கே திரும்ப வரும். ஆனால் சிரங்கு புண்ணான குழந்தைக்கு முகம் வீங்கி, சிறுநீர் சிவந்து போனால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் குழந்தையை அனுப்பியே ஆகணும்.

படர்தாமரை. இன்று இதைக் கெடுத்து வைத்திருப்பது கடையில் வாங்கும் கலப்பு களிம்பு. அதிலுள்ள ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். 2018-இல் தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று விதி வந்தது. அந்தக் களிம்பை நிறுத்தச் சொல்லி, சரியான மருந்தை வாரக்கணக்கில் விடாமல் கொடுப்பதுதான் சிகிச்சை. அதை சுகாதார நிலையத்திலேயே செய்யலாம்.

அடுத்து நம்ம ஊர்த் தொழில் தரும் நோய்கள். அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி, சிமெண்ட் ஊர். ஈரச் சிமெண்ட்டின் காரம் கொத்தனார், சித்தாள் கையைப் புண்ணாக்கும். அதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையாகும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி. கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்டால் கை கொப்பளிக்கும். பார்த்தீனியம் மண்டிய வயலில் வேலை செய்கிறவருக்கு முகமும் கழுத்தும் தடித்துக் கறுக்கும். இவர்களிடம் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்ற ஒரு கேள்வி பாதி நோயைச் சொல்லிவிடும். கையுறை, வேலை முடிந்ததும் கழுவுதல், சில நாள் மருந்து, இவை போதும். அப்படியும் ஆறாதவரை மட்டும் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு ஒருமுறை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம்.

சரி, யாரை அன்றைக்கே அனுப்ப வேண்டும்?

புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய சில நாள் அல்லது சில வாரத்தில் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்பு, வாயிலும் கண்ணிலும் புண், தோல் உரிதல். இது உயிரை எடுக்கும். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். வாய்ப்புண் மாதக்கணக்கில் ஆறாமல் உடம்பிலும் கொப்புளம் வந்தால், அதை முந்திரிக் கொப்புளத்தோடு சேர்த்து எண்ணக்கூடாது. சிவந்து வீங்கிய கால் மணிக்கு மணி பரவினாலும், தோலில் தெரிவதைவிட வலி மிகக் கடுமையாக இருந்தாலும், காத்திருக்கக்கூடாது.

கடைசியாக, தொழுநோய். நான் இன்று பேச வந்ததன் காரணமே இதுதான்.

2005 டிசம்பரில் நம் நாட்டில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே வந்தது. அது பெரிய சாதனை. ஆனால் நோய் ஒழிந்துவிட்டது என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். முன்பு இதற்கென்றே வீடு வீடாகப் போன ஊழியர்கள் இருந்தார்கள். இன்று அந்தக் கண் பெரும்பாலும் பொது டாக்டரின் கண்தான்.

இங்கேதான் படம் நம்மைக் கைவிடும். வெளிறிய தேமல் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினால் நிபுணர் நிறத்தையும் வடிவத்தையும் பார்ப்பார். அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பது படத்தில் வராது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். 2 நிமிட வேலை. அதைச் செய்து எழுதி அனுப்பினால் நிபுணரின் பதிலே மாறிவிடும்.

நோய் உறுதியானால் பலரும் உடனே மேலே அனுப்புகிறார்கள். அது தேவையில்லை. கூட்டு மருந்து சுகாதார நிலையத்திலேயே இலவசம். தேமல் ஐந்துக்குள் இருந்து, நரம்பு பெரிதாகப் பாதிக்கப்படாதிருந்தால் 6 மாதம், அதற்கு மேல் 12 மாதம். ஊரில் யாருக்கும் தெரியாமல், வேலையை விடாமல் குணமாகலாம். ஆனால் இருந்த தேமல் திடீரென்று சிவந்து வீங்கினால், நரம்பு வலித்தால், விரல் மடங்கத் தொடங்கினால், கண் மூட முடியாமல் போனால், அவரை உடனே அனுப்ப வேண்டும். நரம்பு பழுதாகி 6 மாதத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் கை மீள வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. களை பறிக்கிற கை, சோற்றுப் பானை இறக்குகிற கை, அது போனால் குடும்பமே போகிறது.

அனுப்புவது என்று முடிவு செய்தால் சீட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள். எதற்காக அனுப்புகிறீர்கள், எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை, எத்தனை நாளுக்குள், இதுவரை என்ன கொடுத்தீர்கள். "தோல் பிரிவு, மேல்சிகிச்சைக்கு" என்று ஒரு வரி எழுதினால், அங்கே இருப்பவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஐந்தாவதாக ஒன்றை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், நோயாளியின் பெயரும் தேதியும். பத்து நாளில் அவர் திரும்பி வராவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் "அந்த அம்மா போனாங்களா?" என்று கேளுங்கள். அவ்வளவுதாங்க. பணமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, நாளை உங்களில் பலர் நிபுணர்களாவீர்கள். அப்போது கிராமத்திலிருந்து வரும் சீட்டைப் பார்த்து எரிச்சல் படாதீர்கள். பதில் எழுதி அதே நோயாளியின் கையில் கொடுத்தனுப்புங்கள். அந்தப் பதிலைப் படிக்கும் இளம் டாக்டர் அடுத்த முறை பத்துப் பேரில் யாரை அனுப்பலாம், யாரை வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்துகொள்வார்.