ஊரில எந்தப் பக்கம்?



இன்றைக்கு ஒரு மனுசரைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். ஹென்றி தாஜ்ஃபெல், போலந்தில் பிறந்த யூதர். பிரெஞ்சுப் படையில் நின்று ஜெர்மானியரிடம் கைதியானவர். யுத்தம் முடிந்து வெளியே வந்தால், குடும்பத்தில் அநேகமாக ஒருவரும் மிச்சமில்லை. சில காலம் அகதிகளுக்கு உதவி செய்தார். பிறகு உளவியல் படித்து, இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

அங்கே 14, 15 வதுப் பொடியன்கள் 64 பேருக்குத் திரையில் புள்ளிகளைக் காட்டி, எத்தனை எண்டு கேட்டார். கூடச் சொன்னவர் ஒரு பக்கம், குறையச் சொன்னவர் மற்றப் பக்கம் எண்டார். உண்மையில் கண்டபாட்டுக்குத்தான் பிரித்தார். பிறகு மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார். தனக்கு ஒரு சதமும் கிடையாது. ஆனாலும் பெரும்பாலானோர் தங்கட பக்கத்துக்கே கூடக் கொடுத்தார்கள். இந்த ஆய்வு 1970இல் வெளிவந்தது.

1983இல் எங்கட சனத்தை வாளியைக் காட்டிச் சிங்களத்தில் பெயர் கேட்டுப் பிரித்தார்கள். அதை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் ஃப்ரீமான்டுக்குப் புதிசாக ஒரு குடும்பம் வந்தால் நாங்கள் கேட்பதென்ன? "எந்த ஊர்?" அடுத்தது, "ஊரில எந்தப் பக்கம்?" அந்த இரண்டாவது கேள்வி சாதியைத்தான் கேட்கிறது எண்டு எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளும் பக்கத்தில் நின்று கேட்கிறார்கள்.

இந்த வருசம் அதை விட்டுவிட்டு, "சாப்பிட்டீங்களோ?" எண்டு கேட்போம்.