பிறமொழியில் படைப்பிலக்கியம்: மலாக்கா தரும் பாடம்



தாய்மொழி அல்லாத ஒரு மொழியில் கதையோ கவிதையோ படைத்தல் இயலுமா? படைத்தால் அதில் நாம் நாமாக இருப்போமா? இவ்விரு வினாக்களையும் இன்று ஆராய எடுத்துக்கொண்டோம். நமக்கு இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயிலும் பிள்ளை, அதன்பின் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. தோட்டத்து லயத்தில் கேட்ட கதைகளை அங்கே அது மலாயில் எழுத வேண்டியிருக்கிறது. அப்பிள்ளைக்கு என்ன சொல்லி அனுப்பப் போகிறோம் என்பதே இன்றைய பேச்சின் உட்பொருள்.

முதலில் ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன், தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தியின் மலாய்க் கட்டுரையைப் படிக்க நேர்ந்தது. நெடுநாள் பேச்சு வார்த்தை இல்லாதிருந்த அத்தை, மாரியம்மன் திருவிழாவுக்கு வீடு வந்ததை அவள் எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் கட்டுரை உயிரற்றுக் கிடந்தது. அத்தையை அவள் 'மா சிக்' என்று குறித்திருந்தாள். சித்திக்கும் அச்சொல்தான், அடுத்த வீட்டு அம்மாளுக்கும் அச்சொல்தான். அப்பாவுடன் பிறந்தவள் ஒருத்தி பிணக்கை மறந்து படியேறி வந்தாள் என்னும் செய்தி அந்தச் சொல்லுக்குள் கரைந்துபோயிற்று. 'அத்தை' என்றே எழுது என்றோம். 'மலாய் ஆசிரியருக்குப் புரியாதே' என்றாள். புரியும்படி எழுது என்றோம். மறுவாரம் அவள் கொண்டுவந்த தாளில் 'அத்தை' என்ற சொல் இருந்தது. அதனை அடுத்து, வந்தவள் யாரையும் கேளாமல் அப்பாவின் நாற்காலியில் அமர்ந்தாள், அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு வாக்கியம் இருந்தது. அகராதி செய்ய முடியாத வேலையை அவ்வொரு வாக்கியம் செய்துவிட்டது.

இப்பணியில் அம்மாணவி முதல்வள் அல்லள். இதே மலாக்காவின் கம்போங் பாலியில் 1796ஆம் ஆண்டு பிறந்தவர் முன்ஷி அப்துல்லா. இன்று நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவர், அரபு, தமிழ்க் குருதி கலந்த குடும்பத்தவர். மலாய் அவர் பிறந்த ஊரின் மொழி. முன்னோரின் மொழி அன்று. இளமையில் தமிழ் கற்க அனுப்பப்பட்டதை அவரே தம் வரலாற்று நூலில் பதிவு செய்கிறார். வணிகர் நிறைந்த அந்நகரில் கணக்கு வழக்குக்குத் தமிழ் தேவைப்பட்டது. வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் அதனைக் கற்பது முன்னோர் காலந்தொட்ட வழக்கமாகவும் இருந்தது. பின்னர் அவர் மலாயை முயன்று கற்றார். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அதனைக் கற்பித்தமையால் 'முன்ஷி' என்னும் பெயர் பெற்றார். மலாய்க்காரர் தம் மொழியை முறையாகப் பயிலாதிருப்பது கண்டு வருந்தியும் எழுதினார்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. 1835இல் அப்துல்லா பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். 1849இல் அச்சேறிய 'ஹிக்காயாட் அப்துல்லா'வில், அரசர் கதைகளை விடுத்துத் தாம் கண்டதையும் கேட்டதையும் 'நான்' என நின்று உரைத்தார். அவருடைய மலாய் நடையில் அயற்சாயல் உண்டெனப் பின்னாளைய அறிஞர் சிலர் குறை கூறினர். கூறட்டும். பிறமொழிக்குச் சென்றவர் வெறுங்கையுடன் செல்லவில்லை. கதைச் சரக்கும் புதிய பார்வையும் கொண்டு சென்றார். சென்ற வீட்டாரும் அவரை விருந்தினராக நிறுத்திவிடாமல் தம்மவராக ஏற்றனர்.

நாமும் இவ்வாறு ஏற்றவர்களே. இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார் தமிழ் கற்று வீரமாமுனிவராகித் 'தேம்பாவணி' பாடினார். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எடுத்தோம். அயலார் ஒருவர் நம் மொழியில் படைக்கலாம் என்று மகிழும் நாம், நம் பிள்ளை பிறர் மொழியில் படைப்பதை இழப்பு என்று மட்டும் எண்ணுதல் முறையாகாது.

ஆயினும் இழப்பே இல்லை என்றும் சொல்லிவிட இயலாது. மலாக்கா செட்டிகளை எண்ணிப் பாருங்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, இம்மண்ணின் பெண்களை மணந்து நிலைத்த தமிழரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1511இல் போர்த்துகீசியரும் 1641இல் டச்சுக்காரரும் நகரைக் கைக்கொண்ட காலங்களைக் கடந்து, 1781இல் பொற்கொல்லர் தெருவில் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பினர். காஜா பேராங்கில் இன்றும் மாரியம்மனை வழிபடுகின்றனர். பொங்கலை ஒட்டி முன்னோர்க்குப் படையலிடுகின்றனர். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழ் அவர்கள் நாவிலிருந்து நீங்கிற்று. படைக்கும் ஆற்றல் நீங்கவில்லை. மலாயின் நாலடிப் பாட்டாகிய பந்துனை இசையோடு மாறிமாறிப் பாடும் தொண்டாங் சாயாங் கலையை, மலாய்க்காரர், பாபா நோன்யா, போர்த்துகீசிய வழியினர் ஆகியோருடன் செட்டிகளும் வளர்த்தனர். 2018இல் யுனெஸ்கோ அக்கலையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பந்துனின் முதல் இரண்டு அடிகள் ஒரு காட்சியை நிழலாகக் காட்டும். பின்னிரண்டு அடிகளே பொருளை உரைக்கும். உள்ளுறை உவமம் பயின்ற நமக்கு இந்த உத்தி அயலானதன்று. பிறமொழியின் யாப்புக்குள் நுழையும் தமிழ் மாணவன், பழகிய வாசல் ஒன்றை அங்கே காண்பான். சொற்களிலும் அவ்வாறே. கடை 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. கட்டில் 'காத்தில்' ஆயிற்று. வணிகரின் முதல் 'மோடால்' ஆயிற்று. நம் சொற்கள் நமக்கு முன்னரே அங்குக் குடியேறிக் காத்திருக்கின்றன.

இனி, மலேசியாவில் தேசிய மொழியாகிய மலாயில் எழுதப்படுவதே தேசிய இலக்கியமாகக் கருதப்படுகிறது. பால்மரக் காட்டின் வியர்வையைத் தமிழில் எத்துணைச் சிறப்பாக எழுதினும் அது அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. இந்நிலை நமக்கு வருத்தம் தருவதே. ஆனால் நம் கதையைப் பிறர்தாம் மலாயில் எழுத வேண்டும் என்று விட்டுவிட்டால், நாம் பிறர் கண்ட உருவமாகவே அம்மொழியில் நிற்போம். 1896இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதை வரலாறு பதிவு செய்துள்ளது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் மனத்தை யார் பதிவு செய்வது? உதயசங்கர் போன்றோர் மலாயில் சிறுகதை எழுதியதும், அவ்வாறு எழுதும் இந்தியர்களுக்கென 1999இல் 'காவ்யன்' குழு தோன்றியதும் இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வோம். மலாயில் எழுத விரும்பும் மாணவனைத் தமிழை விட்டுப் போனவன் என்று எண்ணாதீர்கள். அவன் தமிழில் நிறையப் படித்திருக்கிறானா என்று மட்டும் பாருங்கள். சரக்கில்லாத கப்பல் எத்துறைமுகத்தை அடைந்தும் பயனில்லை. மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். பாட்டியிடம் தமிழில் கேட்டதைத் தமிழிலேயே முதலில் எழுதிப் பாருங்கள். பின்னர் மலாயில் எழுதுங்கள். எந்தச் சொல் கடக்க மறுக்கிறதோ, அந்த இடத்தில்தான் உங்கள் கதை இருக்கிறது. அச்சொல்லை விழுங்கிவிடாதீர்கள். அதனைச் சுற்றி ஒரு நாற்காலியையாவது போடுங்கள்.

இறுதியாக ஒன்று. தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. கேட்பவரை விலக்குவது முன்னது, சேர்த்துக்கொள்வது பின்னது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. மலாயில் உண்டு: 'காமி' என்றால் நாங்கள், 'கீத்தா' என்றால் நாம். மலாயில் எழுதத் தொடங்கும் தோட்டத்துப் பிள்ளை இயல்பாகக் 'காமி' என்றே தொடங்கும். நாங்கள் இப்படி வாழ்ந்தோம், நாங்கள் இப்படி உழைத்தோம் என்று சொல்லும். அதில் பிழையில்லை, அறியாதார்க்கு அறிவித்தல் அவ்வாறுதான் தொடங்கும். ஆனால் நல்ல படைப்பு முடிவதற்குள், படிக்கும் மலாய்ச் சிறுவன் தன் அப்பாவின் தங்கையை நினைத்துக்கொள்ள வேண்டும். 'காமி' என்று தொடங்கியது 'கீத்தா' என்று நிறைவு பெற வேண்டும். அவ்வாறு எழுத வல்ல பிள்ளைகளை நம் வகுப்பறைகள் தருமாக.