கறுவாவும் நம் உடலும்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என்னைப் பேச அழைத்த செயலாளர், “ஐயா, உடல்நலம் பற்றி ஏதாவது சொல்லுங்கள்; ஆனால் எல்லோருக்கும் விளங்க வேண்டும்” என்று கேட்டுக்கொண்டார். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன், வைத்தியன் அல்லன். ஆகவே வைத்தியம் சொல்ல வரவில்லை. நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் கறுவாப்பட்டையைப் பற்றியும், இந்நாளில் எல்லோர் வாயிலும் அடிபடுகின்ற ‘ஒட்சியேற்ற எதிரி’ என்னும் சொல்லைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் பெரியம்மாவுக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய்க் குளிசை வாங்கி ஒழுங்காகப் போட்டு வந்தவர். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், கறுவாத்தூள் அடைத்த குளிசைப் போத்தல்கள் சிலவற்றைக் கொடுத்து, “இதைப் போடுங்கோ பெரியம்மா, இரத்தத்திலுள்ள நச்சையெல்லாம் இது அழித்துப்போடும், சீனி தானாக இறங்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா கிளினிக் குளிசையை நிறுத்திவிட்டார். எங்களுக்கும் சொல்லவில்லை. சில மாதங்களில் காலில் முள் குத்திய சிறு காயம் ஆறாமற் புரையோடிற்று. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

பின்னர் அந்தப் போத்தலை எடுத்துப் பார்த்தேன். அதில் சிறிய எழுத்தில் ‘கசியா’ என்று எழுதியிருந்தது. கறுவாவின் தாய்நாடாகிய இலங்கையிலே இருந்துகொண்டு, வேறொரு மரத்தின் பட்டையைக் கடல் கடந்து வரவழைத்து விழுங்கியிருக்கிறோம்! அன்றுதான் இதை நன்றாகப் படித்தறிந்து நாலு பேருக்குச் சொல்லவேண்டும் என்று எண்ணினேன்.

முதலிற் கறுவாவைப் பற்றிச் சொல்லுகிறேன். கறுவா நம் கொட்டியாரப்பற்றிலே பயிராகும் மரமன்று. மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியில், காலி, மாத்தறை முதலிய இடங்களில் அது செழித்து வளருகிறது. ஆயினும் நம் பகுதிக்கும் கறுவாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இத்தீவுக்காகப் போரிட்டதற்குக் கறுவா வாணிகம் ஒரு முக்கிய காரணம். 1639ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியதும் அந்தப் போட்டியின் ஓர் அங்கமே. 1660ஆம் ஆண்டில், புயலிற் பாய்மரம் இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. அதில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் இங்கே பிடிபட்டு, கண்டி இராச்சியத்திலே ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறையிருந்தார். தப்பிச் சென்று 1681இல் அவர் வெளியிட்ட நூலிற் கறுவாவைப் பற்றியும் எழுதினார். அது காட்டில் தானாக வளரும் மரம் என்றும், உள்ளூர் மக்கள் அதை மற்ற மரங்களைப் போலவே கருதினர் என்றும், பழத்தைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை நோவுக்குப் பூசவும் விளக்கெரிக்கவும் பயன்படுத்தினர் என்றும் அதிற் காண்கிறோம்.

அன்று உலகம் பொன்னாக மதித்ததை நாம் சாதாரண மரமாக எண்ணினோம். இன்றோ அந்தச் சாதாரண மரத்தைச் சஞ்சீவியாக எண்ணுகிறோம். இரண்டும் சரியன்று. உண்மை இடையிலே இருக்கிறது. அதைக் காண்பதற்கு ஒட்சியேற்றம் என்றால் என்ன என்று அறிய வேண்டும்.

நாட்பட்ட கச்சானை வாயிற் போட்டால் காறுகிறது அல்லவா? அதிலுள்ள எண்ணெயைக் காற்றிலுள்ள ஒட்சிசன் கெடுத்துவிட்டது. அது எவ்வாறு நடக்கிறது? எல்லாப் பொருள்களும் மூலக்கூறுகளால் ஆனவை. மூலக்கூறுகளிலே இலத்திரன்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்திருக்கும். சோடியில் ஒன்றை இழந்து தனி இலத்திரனோடு நிற்கும் மூலக்கூறு அமைதியாக இராது. பக்கத்திலுள்ள மூலக்கூறிடம் ஓர் இலத்திரனைப் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். அது அதற்கடுத்ததிடம் பறிக்கும். இப்படிச் சங்கிலியாகக் கொள்ளை நடக்கும். இந்தக் கொள்ளைக்காரருக்குத்தான் சுயாதீன மூலிகங்கள் என்று பெயர். கச்சான் எண்ணெய் காறுவது இந்தச் சங்கிலித் தாக்கத்தாலேயே.

அப்படியானால் நல்லெண்ணெய் ஏன் நெடுநாள் கெடாமல் இருக்கிறது? எள்ளிலே இயற்கையாக உள்ள சில பொருள்கள், பறிக்க வரும் மூலிகத்துக்குத் தாமாகவே ஓர் இலத்திரனைக் கொடுத்து, தாம் கலகஞ் செய்யாமல் அடங்கியிருக்கின்றன. சங்கிலி அங்கே அறுந்துபோகிறது. இத்தகைய பொருளே ஒட்சியேற்ற எதிரி.

நம் உடம்பிலும் இதே கதை நடக்கிறது. நாம் உண்ட சோற்றை, சுவாசித்த ஒட்சிசனைக் கொண்டு கலங்கள் எரித்துச் சக்தி பெறுகின்றன. கலத்தினுள்ளே இழைமணி என்னும் சிறு அடுப்புகளில் இது நடக்கிறது. எந்த அடுப்பிலும் தீப்பொறி பறக்கும். இந்த அடுப்பிற் பறக்கும் பொறிதான் மூலிகம். அது கலத்தின் கொழுப்புச் சவ்வைக் காறவைக்கும், புரதத்தைக் கெடுக்கும், பரம்பரைச் செய்தி எழுதப்பட்டுள்ள டி.என்.ஏ.யையும் சிதைக்கும். முதுமைக்கு இதுவே காரணமாகலாம் என்று 1956ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் கூறினார். முதுமை இந்த ஒன்றினால் மட்டும் வருவதன்று என்பது பின்வந்த ஆராய்ச்சிகளால் தெரிந்தது. ஆயினும் இருதய நோய், புற்றுநோய், நீரிழிவின் சிக்கல்கள் ஆகியவற்றில் இந்த ஒட்சியேற்றச் சேதத்துக்குப் பங்குண்டு.

இறைவன் நம்மைக் காவலின்றி விடவில்லை. 1969ஆம் ஆண்டில் மக்கோட், பிரிடோவிச் என்னும் இரு அறிஞர்கள், மூலிகத்தை அடக்குவதற்கென்றே உடம்பில் ஒரு நொதியம் இருப்பதைக் கண்டறிந்தனர். அதன் பெயர் சூப்பரொட்சைட்டு டிஸ்மியுற்றேசு. இன்னொரு நொதியத்தை உங்கள் கண்ணாலேயே காணலாம். புண்ணிலே ஐதரசன் பேரொட்சைட்டு ஊற்றினால் பொங்கி நுரைக்கிறதே, அது கற்றலேசு என்னும் காவலன் செய்யும் வேலை. மேலும், மூலிகம் முழுவதும் பகையென்றும் எண்ணாதீர்கள். நம் வெண்குருதிக் கலங்கள் நோய்க்கிருமிகளைக் கொல்லுவதற்கு அதையே ஆயுதமாக எடுக்கின்றன. கரப்பந்து விளையாடும் இளைஞனுடைய தசையிலும் மூலிகம் உண்டாகிறது. அதைக் கண்டு உடம்பு தன் காவலை வலுப்படுத்திக்கொள்கிறது. அடுப்பிலே நெருப்பு வேண்டும், கூரையிலே வேண்டாம். அவ்வளவுதான்.

கூரையிற் பற்றவைப்பது பெரும்பாலும் நாமே. சிகரெட்டுப் புகையின் ஒவ்வோர் இழுப்பிலும் எண்ணற்ற மூலிகங்கள் நேரே நுரையீரலுக்குட் போகின்றன. விவசாயிகளாகிய உங்களுக்கு இன்னொரு பெரிய சாட்சி உண்டு. பரக்குவாட் என்னும் களைநாசினியை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அது உடம்பினுட் புகுந்தால் நுரையீரலிற் சேர்ந்து, அங்குள்ள ஒட்சிசனை ஓயாமல் மூலிகமாக மாற்றிக்கொண்டேயிருக்கும். அதனால் நுரையீரல் கருகிப்போகும். மூச்சுத் திணறுகிறதே என்று ஒட்சிசன் கொடுத்தாற்கூடக் கேடு அதிகமாகலாம். எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோன அந்த மருந்து, 2008 தொடக்கம் 2011 வரையான காலத்தில் இந்நாட்டிற் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. மூலிகத்தின் கொடுமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இனிக் கறுவாவுக்கு வருவோம். கறுவாவில் ஒட்சியேற்ற எதிரிகள் உண்டா? உண்டு, தாராளமாக உண்டு. பட்டைக்கு மணமும் காரமும் கொடுக்கும் சினமல்டிகைட்டும், பொலிபீனோல்கள் என்னும் துவர்ப்புப் பொருள்களும் அதிலே இருக்கின்றன. இலையிலுள்ள எண்ணெயிலோ, பல்வலிக்கு வைக்கும் கராம்பிலே உள்ள அதே இயூஜினோல் இருக்கிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பாற்றலை அளந்து வெளியிட்டிருந்த அட்டவணையில் கறுவாத்தூள் முன்வரிசையில் நின்றது. வியாபாரிகள் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினர்.

ஆனால் 2012ஆம் ஆண்டில் அத்திணைக்களமே அவ்வட்டவணையை விலக்கிக்கொண்டது. ஏன்? அந்த எண்கள் பரிசோதனைக் குழாயில் அளந்தவை. நம் வயிறு பரிசோதனைக் குழாயன்று. உண்ட பொலிபீனோலிற் சிறு பங்கே இரத்தத்திற் சேருகிறது. சேர்வதையும் குடலும் ஈரலும் உருமாற்றிவிடுகின்றன. குழாயிலே வீரம் காட்டியது உடம்பினுள்ளும் அதே வீரம் காட்டும் என்பதற்கு உறுதியில்லை.

நீரிழிவு பற்றியும் பார்ப்போம். 2003ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் 60 நோயாளரைக் கொண்டு 40 நாள் நடத்திய ஓர் ஆய்வில், கறுவா வகை உண்டவர்களுக்குச் சீனி குறைந்தது என்று கண்டனர். அந்தச் செய்தி உலகெங்கும் பரவிற்று. பின்னர் வேறு பலரும் சோதித்தனர். 2012ஆம் ஆண்டில் கொக்ரேன் அமைப்பு 577 பேர் பங்குகொண்ட 10 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, நீரிழிவுக்குக் கறுவாவைச் சிபாரிசு செய்யப் போதிய சான்று இல்லை என்று முடிவு சொல்லிற்று. முதற் செய்தி ஓடிய தூரம் இரண்டாவது செய்தி ஓடவில்லை.

சரி, பலன் இல்லாவிட்டாலும் தீங்கில்லையே என்று சிலர் கேட்கலாம். தீங்கும் வரும். பின்லாந்திலே புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பப்பாசியிலும் பூசணியிலும் உள்ள பீற்றா கரோட்டீன் என்ற ஒட்சியேற்ற எதிரியைக் குளிசையாகக் கொடுத்தால் நுரையீரற் புற்றுநோய் குறையும் என்று நம்பினர். 1994இல் வந்த முடிவு எல்லோரையும் திடுக்கிடச் செய்தது. அக்குளிசை உண்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது! பழத்தில் இருப்பது வேறு; பிரித்தெடுத்துப் பெருமளவில் விழுங்குவது வேறு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது வீணன்று.

கசியாவிலே இன்னுமோர் ஆபத்து இருக்கிறது. குமரின் என்னும் பொருள் அதில் அதிகம். இலங்கைக் கறுவாவில் மிகமிகச் சொற்பம். குமரின் மிகுந்தால் சிலருக்கு ஈரல் கெடும். 2006ஆம் ஆண்டில் ஜேர்மனியின் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இதுபற்றித் தம் மக்களை எச்சரித்தனர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளுக்கு 2 கிராம் கசியாவை இடைவிடாது உண்டாலே எல்லையைத் தொட்டுவிடுவார் என்பது அவர்கள் கணக்கு. அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. இலங்கைக் கறுவா கடதாசி போல மெல்லியது, பல சுருள் ஒன்றனுள் ஒன்றாய்ச் சுருட்டுப் போல இருக்கும், வெளிறிய மண்ணிறம், கையால் நொறுக்கலாம், மணம் மென்மையானது. கசியா தடித்த ஒற்றைப் பட்டை, கருஞ்சிவப்பு, இலகுவில் உடையாது. தூளாக்கிவிட்டாற் கண்ணுக்குப் பிடிபடாது. ஆகையால் பட்டையாகவே வாங்குங்கள். 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ‘இலங்கைக் கறுவா’ என்னும் பெயருக்குப் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்தது. அந்தப் பெருமை இந்நாட்டின் வேறெந்தப் பொருளுக்கும் அதற்கு முன் கிடைத்ததில்லை. அன்னியர் மதிக்கும் பொருளை நாமும் அறிந்து வாங்க வேண்டாமா?

இப்போது பெரியம்மாவின் கதைக்குத் திரும்புகிறேன். இரத்தத்திற் சீனி கூடிநிற்கும்போது கலங்களில் மூலிகங்களின் பெருக்கமும் கூடுகிறது. நரம்பும் இரத்தக் குழாயும் கெடுகின்றன. புண் ஆற மறுக்கிறது. ஆகவே சீனியைக் குறைக்கும் அந்தக் கிளினிக் குளிசைதான் அவருடைய உடம்பில் மூலிகத்தையும் அடக்கிவந்தது. மூலிகத்தை அழிக்கப்போகிறேன் என்று எண்ணி, அதை அடக்கிவைத்திருந்த மருந்தையே கைவிட்டார். வேலியைப் பிடுங்கிவிட்டு வாசலிற் காவலுக்கு நின்றது போலாயிற்று. பிழை பெரியம்மாவுடையது மட்டுமன்று. அவரோடு ஒரு நாளாவது கிளினிக்குக்குப் போய், “என்ன குளிசை போடுகிறீர்கள்?” என்று கேளாத எங்களுடையதுந்தான்.

இளைஞர்களே, உங்களிடம் நான் வேண்டுவது இதுவே. உங்கள் வீட்டு முதியோரின் கிளினிக் கொப்பியை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புதிதாக எதையேனும் உண்ணத் தொடங்கினால் வைத்தியரிடம் சொல்லச் செய்யுங்கள். சிகரெட்டைத் தொடாதீர்கள், தொட்டவர்கள் விடுங்கள். பெரியோர்களே, வயலிலே மருந்து அடிக்கும்போது முகத்தையும் கையையும் மூடிக்கொள்ளுங்கள். வல்லாரையும், பொன்னாங்காணியும், முருங்கை இலையும், வளவிலுள்ள பப்பாசியும் கொய்யாவும் நம் தட்டில் நாள்தோறும் இருக்கட்டும். ஒட்சியேற்ற எதிரிகள் அங்கேயே நிறைய இருக்கின்றன. அவற்றுக்குப் போத்தல் தேவையில்லை. கறிக்கும் தேநீருக்கும் ஒரு துண்டு கறுவா போடுங்கள். அது நல்ல உணவு. மருந்தின் இடத்தை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

பெரியம்மா இப்போதும் காலையிற் கறுவாத் தேநீர் குடிக்கிறார். சீனியில்லாமல், நல்ல மெல்லிய பட்டை போட்டு. ஆனால் அதற்கு முன்பு குளிசையைப் போட்டுவிட்டார்களா என்று பேத்தி ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.